தொண்ணூற்றாறு மணி நேரத்துக்கு முன்

கப்பலிலிருந்து, மின்னஞ்சல் வழி
மே 28

கால்வாய் அலுவலகம், ஆவணப் பிரிவு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மாதம் பத்தாம் தேதி ஒரு கன்டெய்னர் கப்பலின் கேப்டனாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். எங்கள் கப்பல் ஜூன் 20 மாலை ஆறு மணிக்குத் தங்கள் கால்வாயின் தென் முகப்பை வந்தடையும். கால்வாயைக் கடக்கும் முன் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் இந்த ஆண்டு மாறியிருப்பதாக எனக்கு அடுத்த நிலை அதிகாரியான சீஃப் ஆபீசர் சொல்கிறார். எங்கள் ஏஜென்டிடம் கேட்டேன். வந்த பதிலில் இரண்டு பக்கம் வாழ்த்தும் அரைப் பக்கம் விவரமும் இருந்தன. அந்த அரைப் பக்கமும் போன வருஷத்தது. ஆகவே தங்களிடமே கேட்கிறேன்.

தொண்ணூற்றாறு மணி நேரத்துக்கு முன் தாக்கல் என்கிறார்களே, அது நங்கூரம் போடும் நேரத்திலிருந்து கணக்கா, கால்வாய் எல்லைக்கோட்டைத் தொடும் நேரத்திலிருந்தா? தாக்கல் செய்த பிறகு ஒரு எண் மாறினால்கூட வரிசையில் இடம் போய்விடும் என்பது உண்மையா? மேல்தளத்தில் பெட்டி அடுக்கியிருந்தால் மாலுமி மேடையிலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் தெரிகிறது என்பதற்குத் தனிப் படிவம் உண்டா?

அலுவல் சாராத கேள்வி ஒன்று. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவிடமே கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாள். கல்லால் நடக்க முடியாதே என்றுதான் கவலை.

தொலைபேசியில் பதில் வேண்டாம். போனில் பேசினால் தாங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கடைசியில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுத்தில் கத்துவது கொஞ்சம் சிரமம் என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கேப்டன்


ஆவணப் பிரிவு, கால்வாய் அலுவலகம்
மே 29

மாண்புமிகு கேப்டன் அவர்களுக்கு,

நாலு வருஷம் கழித்து வந்த கடிதம், அதில் இத்தனை 'தங்கள்'! விசைப்பலகையில் அந்த எழுத்துகள் தேய்ந்தே போயிருக்கும். என் பள்ளிக்கூடப் பேனாவைத் திருடி மாட்டிக்கொண்டு, "அது தானா என் பைக்குள்ள வந்துச்சு" என்று சொன்ன பயலுக்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? நான் 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். ஆட்சேபம் இருந்தால் உரிய படிவத்தில் தெரிவிக்கவும்.

முதலில் வாழ்த்து. மறுபடியும் கேப்டன் ஆகிவிட்டாய். அம்மா சொல்லித் தெரியும் என்றாலும் நீயே எழுதிப் படிப்பது வேறு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். உன் அத்தான், "மாப்பிள்ளை கடிதமா, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டார்.

இப்போது விஷயம். இதெல்லாம் எல்லாக் கப்பலுக்கும் போகும் சுற்றறிக்கையில் உள்ளதுதான், உனக்கு மட்டும் எழுதும் ரகசியம் எதுவும் இல்லை. தொண்ணூற்றாறு மணி, எல்லைக்கோட்டைத் தொடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. நீ சொன்ன நேரத்துக்கு வந்தால் ஜூன் 16 மாலை ஆறு மணி உன் கெடு. கப்பலில் இருப்பவர்கள் பட்டியல், கடைசிப் பத்துத் துறைமுகங்கள், சரக்கு விவரம், ஆபத்துச் சரக்கு இருந்தால் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று தனியாக, கப்பல் முன்னாலும் பின்னாலும் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எஞ்சினிலோ சுக்கானிலோ ஏதாவது கோளாறு, எல்லாம் வேண்டும். மேல்தளப் பெட்டிகளுக்குப் பார்வைத் தூரப் படிவம் தனி. கெடுவுக்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கெடு தாண்டித் தப்பு தெரிந்தால் வரிசையில் இடம் போகும், விசாரணையும் வரும்.

இன்னொன்று. உன் கப்பலின் கோப்பை நான் தொட மாட்டேன். கப்பலின் கேப்டன் என் கூடப் பிறந்தவன் என்று இன்று காலையே மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரர் பார்ப்பார். நல்ல மனிதர். ஆனால் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் புருவம் நெற்றிக்குப் போய்விடும். எனக்கே இங்கே 'திருப்பியனுப்பி அம்மா' என்று பட்டப்பெயர் இருக்கிறது என்றால் அவரை நீயே யூகித்துக்கொள்.

அம்மாவின் முழங்கால்: இடது பரவாயில்லை, வலது அடம். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். கீழே படுக்கை போட்டுத் தருகிறேன் என்றால், "ஜன்னல்ல கப்பல் தெரியாது" என்கிறாள். எந்தக் கப்பலுக்காக என்று நான் கேட்பதில்லை.

திருப்பியனுப்பாமல் பதில் எழுதும்,
உன் அக்கா


கப்பலிலிருந்து
ஜூன் 2

அக்காவுக்கு,

சரி, 'தங்கள்' போகட்டும். விவரங்களுக்கு நன்றி. சீஃப் படித்துவிட்டு, "சார், ஏஜென்டை விட இவங்க ஒரே பக்கத்துல முடிச்சுட்டாங்க" என்றார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை.

கோப்பைத் தொட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் இந்த எழுதிக் கொடுக்கும் வழக்கம் எங்கே போயிருந்தது?

இதை எழுதக் கூடாது என்று நாலு நாள் தள்ளிப் போட்டேன். எழுதாவிட்டால் மேற்கொண்டு எதுவும் எழுத வராது போலிருக்கிறது. அன்று நான் காலை ஒன்பது மணிக்குத் தாக்கல் செய்தேன். கெடு மாலை ஐந்து. தண்ணீருக்குள் இறங்கிய அளவில் பதினெட்டு சென்டிமீட்டர் குறைத்துக் காட்டியிருக்கிறேன் என்று நீ கண்டுபிடித்தாய். முந்தைய துறைமுகத்தின் புறப்பாட்டு அறிக்கையை வைத்துப் பார்த்திருக்கிறாய். அதில் உன்னைக் குறை சொல்லவில்லை, அது உன் வேலை. அந்தக் கப்பலின் சீஃப் கணக்குப் போட்டதில் தப்பு. ஆனால் கெடு முடிந்த பத்தாவது நிமிடம்தான் எனக்குத் தகவல் வந்தது. ஒன்பது நாள் வெளி நங்கூரத்தில் நின்றேன். கம்பெனி என் தோள்பட்டையில் ஒரு பட்டையைக் கழற்றியது. கேப்டனாக ஏறிய கப்பலிலிருந்து சீஃப் ஆபீசராக இறங்கி, வேறு கம்பெனியில் நாலு வருஷம், என்னைவிட இளையவர்களுக்கு "எஸ் சார்" போட்டேன்.

ஒரு போன், அக்கா. ஒரே ஒரு போன். "டேய் சுண்டு, எண்ணை இன்னொரு தடவை பாரு" என்று சொல்லியிருந்தால் போதும். பத்து நிமிஷத்தில் திருத்தியிருப்பேன்.

அந்தத் தாளை நீ எத்தனை மணிக்குப் பார்த்தாய்? இதை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

தம்பி


வீட்டிலிருந்து
ஜூன் 4

அன்புள்ள சுண்டு,

காலை பதினொன்றே காலுக்குப் பார்த்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அலுவலகத்தில் வைத்து எழுத முடியவில்லை.

கெடுவுக்கு இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம் இருந்தது. அன்று பிரிவில் நான் ஒருத்திதான். புதிய மேலாளர் வந்து மூன்றாவது வாரம். முந்தின நாள்தான் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "அந்தம்மா தம்பி கப்பல் வருதாம். பாரு, கண்ணை மூடிக்கிட்டு சீல் குத்துவாங்க." இன்னொருத்தன் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உன் எண்ணைப் பார்த்தேன். புறப்பாட்டு அறிக்கையை எடுத்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. போனில் கை வைத்தேன். எடுக்கவில்லை. இவள் தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு சொல் வரக் கூடாது என்று நினைத்தேன். ஐந்து மணி அடித்ததும் விதிப்படி குறிப்பு எழுதினேன். நேர்மையாக இருந்துவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்கு ஒரு நிமிர்வு. வீட்டுக்கு வந்து அத்தானிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதே மாதம் வேறு மூன்று கப்பல்களில் இதே மாதிரி எண் இடித்தது. மூன்று கேப்டன்களையும் கூப்பிட்டேன். "சார், ஒரு தடவை சரிபாருங்க" என்றேன். முகம் தெரியாத மனிதர்கள். திருத்தி அனுப்பினார்கள், போனார்கள். அது இங்கே வழக்கம். உனக்கு மட்டும் கூப்பிடவில்லை. உனக்குச் சலுகை காட்டக் கூடாது என்று, ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதையும் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அது நேர்மை இல்லை, பயம். நாலு வருஷமாக அதற்கு விதி என்று பெயர் வைத்திருந்தேன்.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். சமாதானம் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கே பிடிக்காது.

அக்கா


கப்பலிலிருந்து
ஜூன் 5

ஆவணப் பிரிவு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

இனி எங்கள் கப்பல் சம்பந்தமான எல்லாத் தகவலும் ஏஜென்ட் வழியாகவே வரும்.

கேப்டன்


வீட்டிலிருந்து
ஜூன் 9

சுண்டு,

உன் இரண்டு வரிக் கடிதம் நியாயமானது. பதில் வேண்டும் என்று இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினொன்றே காலையும் சேர்த்து. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. தட்டை வைத்தால் சாப்பிட்டாள், மாத்திரையை நீட்டினால் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்து நின்று சொன்னாள்:

"முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல உக்காந்து ஊரான் வீட்டுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தேன். என் வயித்துல பொறந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு லைன் கெடைக்காம நிக்குது பாரு."

அதைச் சொல்லிவிட்டு, "கொடை எடுத்துக்கோ, மழை வரும்" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்தாலும் வானிலை அறிக்கை நிற்காது.

அவள் என் பக்கமும் இல்லை, உன் பக்கமும் இல்லை. 16ஆம் தேதி மட்டும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். படிவத்தைச் சரியாகப் போடு. உன் வேலையில் நீ கெட்டிக்காரன் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அக்கா


கப்பலிலிருந்து
ஜூன் 16, காலை

அக்கா,

ஏஜென்ட் வழியாகத்தான் எழுதுவேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இதை ஏஜென்டிடம் சொல்ல முடியாது. கடைசிவரை படி. ஆலோசனை கேட்கவில்லை, முடிவெடுத்துவிட்டேன்.

நேற்று முன்தினம் நல்ல மழை. விட்டதும் தள மாலுமிகளின் தலைவரான போசன் மேல்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். முப்பது வருஷம் கப்பல் தளத்தைத் தேய்த்த மனிதர், தேவையில்லாமல் வாய் திறக்க மாட்டார்.

"சார், எல்லாப் பெட்டியும் ஈரமா இருக்கு. நாலு மட்டும் அதுக்குள்ள காஞ்சுபோச்சு."

போய்ப் பார்த்தேன். முன்பகுதியில், வெளிவரிசையில் நாலு பெட்டிகள். சுற்றிலும் தண்ணீர் சொட்டுகிறது, அந்த நாலும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மொடமொடவென்று நிற்கின்றன. வெப்பமானியை நீட்டினால் அறுபத்தொரு டிகிரி. சரக்குத் தாளில் 'மரச்சாமான்' என்று இருக்கிறது. நாற்காலி மேசைக்குக் காய்ச்சல் வருமா? கதவு இடுக்கில் மூக்கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கரி. மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி. சரியாக ஆறவைக்காமல் கட்டி ஏற்றினால் அது தனக்குள்ளேயே சூடேறும். ஆபத்துச் சரக்கு என்று எழுதினால் கேள்வி வரும் என்று யாரோ மரச்சாமான் ஆக்கிவிட்டார்கள். திறக்கவும் முடியாது, காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். அன்றிலிருந்து முறை போட்டுப் பெட்டிகளின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கிறோம்.

கம்பெனிக்குச் சொன்னேன். மேலாளர் போனில் வந்தார்.

"கேப்டன், பேப்பர்ல மரச்சாமான்னு இருக்கு. நீங்க எதுக்குத் துருவுறீங்க?"

"சார், பெட்டி சுடுது."

"வெயில்ல இரும்பு சுடாம என்ன பண்ணும்? தண்ணி அடிச்சுக்கிட்டே வாங்க. கால்வாயைத் தாண்டினதும் பாத்துக்கலாம். இப்ப எழுதினா வரிசை போயிரும். உங்களுக்கு இது புது கப்பல். பழைய கதை வேற இருக்கு. யோசிச்சு எழுதுங்க."

யோசித்தேன். கால்வாய்க்குள் இருபுறமும் கரை, முன்னும் பின்னும் இருபது கப்பல், கரையோரம் வீடுகள். நடுவில் அது பற்றிக்கொண்டால் திரும்பவும் முடியாது, விலகவும் முடியாது. என் கூட இருபத்திரண்டு பேர்.

இன்று காலை ஏழு மணிக்குத் தாக்கல் செய்துவிட்டேன். 'தாளில் மரச்சாமான், உண்மையில் தானே சூடாகும் கரி என்று சந்தேகம், நாலு பெட்டி, இந்த இடம், இந்த வெப்பம்' என்று எதையும் விடாமல் எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். கெடுவுக்குப் பதினோரு மணி நேரம் முன்னால். என்ன வரும் என்று தெரிந்தேதான் போட்டேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, அக்கா.

முன்பு மாற்றியிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கப்பலின் சீஃப் கணக்குத் தப்பு என்று நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய். அந்தக் கப்பலின் அளவுக் குறிகளைப் படகில் இறங்கிச் சுற்றிவந்து நானே படித்தேன். கால்வாயில் அனுமதித்த அளவைவிடப் பதினெட்டு சென்டிமீட்டர் கூடுதல் என்று எனக்குத் தெரியும். அன்றும் கம்பெனியிலிருந்து ஒரு குரல், "பதினெட்டு சென்டிமீட்டர் யாருக்குத் தெரியப்போகுது கேப்டன்?" என்றது. சீஃபைக் கூப்பிட்டு எண்ணை மாற்றச் சொன்னேன். அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றுவரை பழியைச் சுமக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில் பத்து நாள் இருந்தேன். நேற்று அந்தப் பெட்டிகள் முன்னால் நிற்கும்போது ஒன்று தோன்றியது. நீ பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "எண் சரிதான்க்கா, நானே பார்த்தேன்" என்று உன்னிடமே சாதித்திருப்பேன். நீயும் நம்பியிருப்பாய். அந்த அளவோடு கால்வாய்க்குள் நுழைந்து எங்கே அடி தட்டியிருப்பேனோ.

நீ கூப்பிடாதது தப்புதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாலு வருஷம் நான் உன் தப்புக்குப் பின்னால் என் தப்பை ஒளித்து வைத்திருந்தேன். சீஃபுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். பழைய கம்பெனிக்கும் ஒன்று.

தண்ணீர் முறைக்கு நேரமாகிவிட்டது.

உன் தம்பி


ஆவணப் பிரிவு
ஜூன் 20, மாலை

சுண்டு,

இந்தத் தாள் தீயணைப்புப் படகில் வருகிறது. படகுக்காரர் அவசரப்படுத்துகிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் தாக்கலைக் கண்ணாடிக்காரர் 16ஆம் தேதியே படித்தார். ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார். புருவம் மேலே போகவே இல்லை. எழுந்து மேலாளர் அறைக்குப் போகும்போது என் மேசை பக்கம் நின்று, "உங்க தம்பி முழுசா எழுதியிருக்கார்மா" என்று மட்டும் சொன்னார். நான் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. ஆனால் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

உன்னை வெளி நங்கூரத்தில், மற்றக் கப்பல்களிலிருந்து மூன்று மைல் தள்ளி நிறுத்துகிறார்கள். நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் பெட்டிகளைத் திறப்பார்கள். தீயணைப்புக் குழுத் தலைவி முன்பு சுரங்கத்தில் நெருப்பணைத்தவள், கண்டிப்பானவள். அவள் சொல்வதைக் கேள். "நான் கேப்டன்" என்று முன்னால் போய் நிற்காதே.

நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். பதில் எழுத இப்போது நேரமில்லை, மனசும் ஒரு நிலையில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சீஃபுக்கு எழுதினாயே, அதற்காக என் தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா ஜன்னலில் இருக்கிறாள். கடைசியாக நிற்கும் வெள்ளைக் கப்பல் நீதானா என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் திருத்திக்கொள்ளலாம்.

அக்கா


வெளி நங்கூரம்
ஜூன் 23

அன்புள்ள அக்கா,

முடிந்தது. எல்லோரும் பத்திரம்.

முதல் மூன்று பெட்டியிலும் புகை மட்டும்தான். நாலாவதன் கதவை அரை அடி திறந்ததும் உள்ளே நடு மூட்டைகள் செக்கச்செவேலென்று கிடந்தன. வெளியே ஒரு சத்தமில்லை, ஒரு பொறி இல்லை. அந்தத் தலைவி குழாயை நீட்டிக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நாம இங்க பேசிக்கிட்டு இருக்க மாட்டோம், கேப்டன்" என்றாள். அந்த இரண்டு நாளில் நான் கால்வாய் நடுவில் இருந்திருப்பேன். ஒரு மாலுமிக்கு மணிக்கட்டில் லேசாகச் சூடு பட்டது, மருந்து போட்டாயிற்று. இப்போது எல்லோருக்கும் கட்டை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் முன்னால் போய் நிற்கவில்லை. நாலடி பின்னால்தான் நின்றேன். இரண்டடி என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மத்தியானம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பாராட்டு என்று நினைத்தாயா? எனக்குப் பதிலாக வேறு கேப்டன் புறப்பட்டுவிட்டாராம். வியாழக்கிழமை அவர் ஏறுகிறார், நான் இறங்குகிறேன். காரணம் என்று ஒரு சொல்கூட இல்லை. கால்வாயை இந்தக் கப்பலில் தாண்டப்போவது நான் இல்லை.

வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் போன தடவை பட்டையைக் கழற்றியபோது கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்காமல் இருந்தேன். இந்த முறை நன்றாகச் சவரம் செய்துகொண்டு, கப்பலில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுத்தேன். போசன் என் கையை விடவே இல்லை. "சார், அடுத்த கப்பல் எதுன்னு சொல்லுங்க, பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்றார். கேப்டன் சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொன்று. நான் ஏற இன்னும் கப்பல்கள் உண்டு, அக்கா.

வியாழன் காலை பத்து மணிக்குப் படகு கிடைக்கும். கரைக்கு வந்ததும் விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புவதாக ஏஜென்ட் சொல்கிறார். வண்டி வேண்டாம் என்று சொல்லட்டுமா? கேட்காமலே வந்து நிற்கலாம் என்று தெரியும். ஆனாலும் நீ 'வா' என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

சுண்டு


வீட்டிலிருந்து
ஜூன் 24

என் அருமைத் தம்பிக்கு,

வா.

பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். பேனா மெலிசு, நீயே பெரிதாகப் படித்துக்கொள்.

ஏஜென்டின் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். பட்டப்பெயர் சும்மாவா வந்தது? மாடி அறையை ஒழித்துவிட்டோம். அத்தான் தன் பழைய ரேடியோக்களையெல்லாம் அங்கே அடைத்து வைத்திருந்தார். "மாப்பிள்ளைக்காகத்தான் தியாகம் பண்றேன், வேற யாருக்கும் இல்ல" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொன்றாக இறக்கினார். அம்மா கீழே படுக்கச் சம்மதித்துவிட்டாள். ஜன்னல் இனி வேண்டாமாம்.

நானும் ஒரு காரியம் செய்தேன். நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளைப் பற்றி மேலாளருக்கு எழுத்தில் கொடுத்தேன். மற்றவர்களைக் கூப்பிட்டேன், இந்தக் கப்பலைக் கூப்பிடவில்லை, காரணம் இது என்று. "இதை இப்ப எதுக்கு எழுதறீங்க? யாரும் கேக்கலையே" என்றார். என்னை நானே கேட்டுக்கொண்டேன் என்றேன். என் கோப்பில் ஒரு கண்டிப்புக் கடிதம் ஏறியிருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. ஏறட்டும். கூடவே, எண் இடித்தால் கெடுவுக்கு முன் கேப்டனுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், உறவாக இருந்தால் பக்கத்து மேசை சொல்ல வேண்டும் என்று உத்தரவும் போட்டிருக்கிறார். அதைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

நீ அன்று பொய் சொல்லியிருப்பாய் என்று எழுதினாய். இருக்கலாம். நான் நம்பியிருப்பேன் என்பதும் சரிதான். அதனால் என் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் எடுத்துக்கொள்ளாதே. நீ வந்தபின் இதையெல்லாம் பேசுவோம். கத்த வேண்டியிருந்தால் கத்துவோம். அம்மா நடுவில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

வியாழன் நான் விடுப்பு. கண்ணாடிக்காரர், "எத்தனை நாள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

படகுத்துறையின் கடைசி மூன்று படியில் பாசி. இறங்கும் அவசரத்தில் தாவாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு. பெட்டியை முதலில் படகுக்காரரிடம் கொடு. இடது கையால் கம்பியைப் பிடி. நான்காவது படியில் நான் நின்றுகொண்டிருப்பேன், கை நீட்டுவேன். எனக்குத் தேவையில்லை, நானே ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லாமல் பிடித்துக்கொள்.

அக்கா